கிரீடம் அணியாத அரசர்

கிறிஸ்து பாந்தோக்ராத்தோர்
கி.பி. 6ஆம் நூற்றாண்டு, மரப்பலகையில் தேன்மெழுகு வண்ணம்
புனித கத்தரீனா மடாலயம், சீனாய், எகிப்து

'பாந்தோக்ராத்தோர்' என்றால் கிரேக்க மொழியில் அனைத்தையும் ஆள்பவர். கிறிஸ்துவே விண்ணுக்கும் மண்ணுக்கும் அரசர் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த அரசருக்கு இங்கே கிரீடமும் இல்லை, செங்கோலும் இல்லை. இடக்கையில் மணிகள் பதித்த நற்செய்தி நூல். வலக்கை ஆசி வழங்குகிறது. அங்கியின் கரும் ஊதா மட்டும் பேரரசர்களுக்கு உரிய நிறம்.

முகத்தை நெருங்கிப் பாருங்கள். நமக்கு இடப்பக்கம் உள்ள கண் அமைதியாக நோக்குகிறது. வலப்பக்கம் புருவம் உயர்ந்திருக்கிறது, கன்னத்தில் நிழல் விழுகிறது. ஒரு பாதி இரக்கம், மறுபாதி நீதி என்று பலரும் விளக்குவார்கள். இரண்டும் சேர்ந்ததே இந்த ஆட்சி. ஓவியர் அதை ஒரே முகத்தில் காட்டிவிட்டார்.

8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் திருவுருவங்களை அழித்தபோது சீனாய் முஸ்லிம் ஆட்சியின் கீழ் இருந்தது. பேரரசர்களின் ஆணை அங்கே எட்டவில்லை, படம் பிழைத்தது.

ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். பிறகு மறுபாதியை.