குருவி அசைந்ததா, கை அசைந்ததா?

"இது என்ன, பஞ்சு மூட்டையா?"

என் மனைவி கேட்ட கேள்வி இது. நான் காட்டியது பஞ்சு மூட்டை அல்ல. வேடந்தாங்கலில் நான் எடுத்த கூழைக்கடாவின் படம்!

போன வருஷம் தை மாதம் அது. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர் போய், பகல் முழுவதும் ஏரிக்கரையில் நின்றேன். 300 படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் மங்கல். நாரைக்குக் கண் இல்லை. நீர்க்காகத்துக்கு மூக்கு இரண்டு!

கோபம் காமிராவின் மேல்தான் வந்தது. இன்னும் விலை கூடிய லென்ஸ் வாங்கக் கிளம்பினேன். பறவைப் படங்களில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் தடுத்தார்.

"லென்ஸ் இருக்கட்டும், சார். முதல்லே படத்தைப் பாருங்க. என்ன தப்புன்னு அதுவே சொல்லும்" என்றார்.

படம் சொல்லும் சாட்சி

அவர் சொன்னது சரிதான். மங்கலிலும் பல தினுசு உண்டு.

கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறதா? குற்றவாளி உங்கள் கை. கிளை தெளிவாக இருந்து, இறக்கை மட்டும் கலைந்திருக்கிறதா? பறவை அசைந்துவிட்டது. பறவை மங்கி, பின்னால் இருக்கும் இலை பளிச்சென்று தெரிகிறதா? காமிரா பறவையை விட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொண்டது. எல்லாமே தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளிகிறதா? அது வெயிலின் வேலை.

என் படங்களில் பாதிக்கு மேல் கை செய்த கோளாறு. மீதியில் பெரும்பாலானவை வெயில்.

பறவையைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ், கை நடுக்கத்தையும் பெரிதாகவே காட்டும். இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 400 மில்லி மீட்டர் லென்ஸ் என்றால், ஷட்டர் ஒரு செகண்டில் 400-ல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. நம்மில் பலர் வைத்திருக்கும் நடுத்தர விலைக் காமிராக்களுக்கு, 600-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. பறக்கும் பறவைக்கு இதுவும் போதாது. 2000-ல் ஒரு பங்கு வேண்டும்.

"கை நடுக்கத்தைத் தாங்கும் கருவி லென்சுக்குள்ளேயே இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. அது உங்கள் கையைத்தான் தாங்கும். கொக்கின் இறக்கையை நிறுத்தி வைக்காது.

ஷட்டர் வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டினால் படத்தில் புள்ளிகள் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்! புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் குறைத்துவிடலாம். அசைந்த படத்தை நேராக்குவது மிகவும் கஷ்டம்.

துணிப்பை ஒன்றில் இரண்டு கிலோ பயறு போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரிலோ, கார் ஜன்னலிலோ வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாயுங்கள். ஆடாது. கடையில் இதற்கென்றே பை விற்கிறார்கள். வீட்டுப் பயறுப் பையும் அதே வேலையைச் செய்யும்.

காமிராவின் குறி எப்போதும் பறவையின் கண்ணில் இருக்கட்டும். வால் மங்கினால் பார்ப்பவர் கவனிக்கமாட்டார். கண் மங்கினால் படம் போயிற்று.

வெயிலை மட்டும் யாரும் வெல்ல முடியாது. தரை சூடேறினால் காற்று நெளியும். பல லட்ச ரூபாய் லென்ஸும் அங்கே தோற்றுப்போகும். விடிந்ததும் போங்கள். ஒன்பது மணிக்குமேல் காமிராவை மூடிவிட்டு இட்லி சாப்பிடலாம்.

காளை மாட்டு வேஷம்

லென்ஸ் எத்தனை நீளமானாலும், கிட்டே இருக்கும் பறவைதான் தெளிவாக விழும். அதற்காக மனிதர்கள் செய்த வேடிக்கைகள் கொஞ்சமல்ல. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். 1900-ம் ஆண்டு வாக்கில் ஒரு காளையின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி, அதற்குள்ளே ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்கள். மாடு மேய்கிறது என்று பறவைகள் பேசாமல் இருந்தன!

எனக்கு மாட்டு வேஷம் கிடைக்கவில்லை. போன சித்திரையில், வற்றிய ஏரி ஒன்றில், நேராகவே நடந்து போனேன். கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி உட்கார்ந்திருந்தது. கிட்டே போனதும் அலறிக்கொண்டு பறந்தது. கீழே கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். எப்படியும் திரும்பி வரும் என்று அங்கேயே மண்டியிட்டுக் காத்திருந்தேன்.

நல்ல வெயில். ஆண் குருவி, பெண் குருவி இரண்டும் என் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. சித்திரை வெயிலில் முட்டை வேகாமல் இருக்க, இந்தக் குருவி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து அதன்மேல் உட்காரும். அது அப்போது எனக்குத் தெரியாது. கால் மணி நேரம் கழிந்ததும் முட்டையை விட்டு விலகி, இருபது அடி தள்ளிப்போய்க் காமிராவை வானத்துக்குத் திருப்பினேன். அந்த இடைவெளியில் ஒரு காகம் இறங்கியது. நான் ஓடி வருவதற்குள் ஒரு முட்டை போய்விட்டது.

அன்று எடுத்த படம் ஒன்று மிகத் தெளிவு. பறக்கும் குருவியின் கண் விளிம்பு கூடத் தெரிகிறது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

வேடந்தாங்கல் மக்கள் இதில் கண்டிப்பானவர்கள். வெள்ளைக்காரர்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே காப்புறுதி வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். இந்தத் தை மாதம் மறுபடியும் போனேன். கரையை விட்டு இறங்கவில்லை. பயறுப் பையோடு ஒன்பது மணி வரை உட்கார்ந்தேன். 200 படங்களில் 11 தேறின. அதில் ஒரு கூழைக்கடாவை என் மனைவி பார்த்ததுமே கண்டுகொண்டாள்.

பழகுவதற்கு வேடந்தாங்கல் வரை போக வேண்டியதில்லை. மொட்டைமாடிக்கு வரும் காகத்தை எடுத்துப் பாருங்கள். கறுப்பு உடம்பில் கறுப்புக் கண். அந்தக் கண் பளிச்சென்று விழுந்துவிட்டால், ஏரிக்குக் கிளம்பலாம்.