உங்களுக்குத் தெரியுமா? இடம் மாறும் அணுக்கள்

★ எத்தனாலை அடர் கந்தக அமிலத்துடன் சேர்த்து 140 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ஈத்தர் கிடைக்கும். 170 டிகிரிக்குப் போனால் எத்திலீன். முன்னது ஒன்றின் இடத்தில் இன்னொன்று அமரும் பதிலீட்டு வினை, பின்னது அணுக்கள் கழன்றுபோகும் நீக்க வினை. சூடு ஏற ஏற நீக்க வினையின் கை ஓங்கும். ஈத்தர், 1846இல் பாஸ்டனில் நோயாளியை மயக்கிப் புகழ்பெற்றது. எத்திலீன் இன்று கிடங்குகளில் வாழைக்காயைப் பழுக்க வைக்கிறது.

★ ரிகா நகரில் பால் வால்டன் 1896இல் ஒரு விந்தையைக் கண்டார். மாலிக் அமிலத்தின் ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கிக் குளோரினை வைத்தார். பிறகு குளோரினை நீக்கி மறுபடி ஹைட்ராக்சிலையே வைத்தார். பழைய அமிலமே திரும்பியிருக்க வேண்டும். வந்ததோ அதன் கண்ணாடி பிம்பம்! எந்தப் படியில் மூலக்கூறு புரண்டது?

விடைக்கான வழியை 1935இல் லண்டனில் எட்வர்ட் ஹியூஸ் குழு காட்டியது. அயோடோஆக்டேனின் அயோடினுக்குப் பதில் கதிரியக்க அயோடினை ஏற்றிப் பார்த்தார்கள். அயோடின் மாறிய வேகத்தைப் போல் இரு மடங்கில் ஒளிசுழற்றும் திறன் குறைந்தது. ஏன் இரு மடங்கு? 100 மூலக்கூறுகளில் ஒன்று புரண்டால், அது ஒளியை எதிர்ப்பக்கம் சுழற்றி, புரளாத இன்னொன்றின் சுழற்சியையும் அடித்துவிடும், மிச்சம் 98. ஆக, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மூலக்கூறு புரள்கிறது. புது அயோடின் பின்பக்கமாகவே வந்து தாக்குகிறது. கண்ணால் காண முடியாததைக் கழித்தல் கணக்கால் பிடித்தார்களே, அதுதான் அழகு!

★ டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்தும் சாகாத வீட்டு ஈக்களின் ரகசியமும் நீக்க வினைதான். அவற்றின் நொதி, டிடிடியிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் கழற்றி அதை டிடிஇ ஆக்கிவிடும். ஈ தப்பித்தது. சூழலில் தங்கிய டிடிஇ பறவைகளின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிய வைத்தது தனிக் கதை.

★ பயத்தில் நெஞ்சு படபடக்கிறதா? அந்த அட்ரினலின், நார்அட்ரினலினின் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மெத்தில் தொகுதி ஏறியதால் பிறந்தது. உடலுக்குள்ளேயே ஒரு பதிலீட்டு வினை.

★ நீக்க வினையில் ஹைட்ரஜன் குறைவாக உள்ள கார்பனே பெரும்பாலும் ஹைட்ரஜனை இழக்கும் என்றார் செயிட்செஃப் (1875). சேர்க்கை வினையில் ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே மேலும் சேரும் என்றவர் மார்கோவ்னிகாஃப். இருவரும் கசான் நகரில் வேதியியலாளர் புட்லரோவின் மாணவர்கள். ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது.