மாட்டுக் கொட்டகைத் தரையில் கோடு போட எந்த வைர பிளேடு வாங்கலாம்?

தம்மம்பட்டி, கெங்கவல்லி பகுதியில் மண் தரையை மாற்றி சிமெண்ட் கான்கிரீட் தரை போட்ட கொட்டகைகளில் ஒரு பிரச்சினை வருவதுண்டு. சாணமும் சிறுநீரும் பட்டு, கழுவிக் கழுவி, தரை வழவழப்பாகிவிடுகிறது. கறவை மாடு வழுக்கி, பின்னங்கால்கள் இரண்டும் அகன்று விழுந்தால் இடுப்பு மூட்டு விலகிவிடலாம். அப்படி விழுந்த மாடு சில சமயம் மீண்டும் எழுவதேயில்லை. தரையை உடைத்து மறுபடி போட வேண்டிய அவசியமில்லை. கட்டிங் மெஷினில் வைர பிளேடு பொருத்தி கோடு போட்டாலே போதும். சொட்டுநீர்க் குழாய்க்காக கான்கிரீட் பாதையை வெட்டவும் இதே பிளேடுதான். ஆனால் கடையில் "ஒரு வைர பிளேடு கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பணமும் நேரமும் வீணாகலாம்.

பிளேடு எப்படி வெட்டுகிறது?

இரும்புத் தகட்டின் விளிம்பில் செயற்கை வைரத் துகள்களை உலோகப் பொடியுடன் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். வெட்டும்போது உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, புதிய வைரத்துகள் வெளியே வரும். அந்தத் துகள்தான் கல்லை அரைக்கிறது. எனவே விதி தலைகீழானது: கடினமான பொருளுக்கு, எளிதில் தேயும் மென்மையான பிணைப்பு உள்ள பிளேடு. செங்கல், ஹாலோ பிளாக், புதுக் காரை போன்று மணல்போல உதிரும் பொருளுக்கு, தேயாத கடினப் பிணைப்பு.

கொல்லிமலை, பச்சைமலை வட்டாரத்துப் பாறைகள் சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள். நம் ஜல்லியும் எம்-சாண்டும் அவற்றை உடைத்தே வருகின்றன. ஆகவே பழகி இறுகிய கொட்டகைத் தரைக்கு, கான்கிரீட் அல்லது கிரானைட் என்று அட்டையில் குறிப்பிட்ட பிளேடே ஏற்றது. செங்கல்லுக்கான பிளேடு இதில் மழுங்கி, பளபளத்து, வெட்டாமல் சூடாகும். உடனே "போலி" என்று எறிய வேண்டாம். ஒரு செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ சில முறை வெட்டினால் புதிய வைரம் வெளிவரும். திரும்பத் திரும்ப மழுங்கினால் பிளேடு வேலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

• இடைவெளி விட்ட பல் உள்ளது: கான்கிரீட், கல், செங்கல். வேகமாக வெட்டும், ஓரம் சற்று உடையும்.
• இடைவெளியில்லாத வழவழ விளிம்பு: டைல்ஸ், மார்பிள். ஓரம் உடையாது. தண்ணீர் ஊற்றி வெட்ட வேண்டும்.
• வரிவரியான டர்போ விளிம்பு: இரண்டுக்கும் இடைப்பட்டது.

வேகமும் அளவும்

பிளேடில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம்., மெஷினின் ஆர்.பி.எம்.மைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். அப்போது பிளேடின் விளிம்பு மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஆழம் போதவில்லை என்று காப்பு மூடியைக் கழற்றிவிட்டு 7 அங்குல பிளேடு மாட்டினால் அந்த வேகம் 370 கி.மீ.யைத் தாண்டும். பிளேடு சிதறினால் உயிருக்கே ஆபத்து. மையத் துளையும் சரியாகப் பொருந்த வேண்டும். காகிதம் சுற்றி இறுக்கக் கூடாது. அம்புக்குறி சுழலும் திசையில் இருக்கட்டும்.

கோடு போடும் முறை

சுமார் 10 மி.மீ. அகலம், 6 முதல் 10 மி.மீ. ஆழம், கோட்டுக்குக் கோடு சுமார் 10 செ.மீ. இடைவெளி வைக்கலாம். பிளேடு மெல்லியது என்பதால், இரண்டு இணைக்கோடு வெட்டி நடுவில் உளியால் தட்டி எடுக்க வேண்டும். சாணநீர் தேங்காமல் வடிகாலை நோக்கிய சரிவிலேயே கோடுகள் ஓடட்டும். கூரான ஓரங்களைக் கல்லால் தேய்த்துவிடுங்கள். இல்லையேல் குளம்பில் காயமாகும். புதுத் தரை போடுபவர்கள் ஈரமாக இருக்கும்போதே கோடு இழுத்துவிட்டால் பிளேடே தேவையில்லை.

தூசியை அலட்சியம் செய்யாதீர்கள்

கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த முடியாது. துண்டு கட்டினால் போதாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். தண்ணீர் தெளித்து வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் அதற்கேற்ற மெஷினும், 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்தடுப்பானும் வேண்டும். உலர்வாக வெட்டினால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை வெளியே எடுத்து, வெறுமனே சுழலவிட்டு ஆற்றுங்கள். மாடுகளை முன்கூட்டியே வெளியே கட்டி, தீவனத்தொட்டி, தண்ணீர்த்தொட்டியை மூடிவிடுங்கள். வேலை முடிந்ததும் தரையை நன்கு கழுவி, காய்ந்த பிறகே மாடுகளை உள்ளே விடுங்கள்.