பேர் வெட்டிய பாத்திரம்!

கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கப் போகிறார்கள். குடம், அண்டா, தாம்பாளம் எல்லாம் எடுத்தாயிற்று. விலையும் தீர்ந்தது. கிளம்ப வேண்டியதுதானே? அதுதான் இல்லை!

"இன்னும் பேர் வெட்டவில்லையே!" என்கிறார் பெண்ணின் தாயார்.

ராஜபாளையத்திலும் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேர் வெட்டிய பாத்திரம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காரணம் இருக்கிறது.

ராஜபாளையம் ஆலைகள் நிறைந்த ஊர். அங்கே 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூல் ஆலை தொடங்கினார். பிறகு மேலும் பல ஆலைகள் வந்தன. ஆலைக்குப் போகிறவர் கையில் தூக்குச்சட்டி. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. எது யாருடையது? எழுத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆடிப்பூரத் தேர். ஊரெங்கும் உறவினர் கூட்டம். அடுத்த வீட்டு அண்டா இங்கே வரும். இந்த வீட்டுக் கரண்டி அங்கே போகும். தேர் நிலைக்கு வந்த பிறகு, பாத்திரம் தன் வீட்டுக்கு வர வேண்டாமா?

உளியும் ஊசியும்

பித்தளைக் காலத்தில் பேர் வெட்டுகிறவருக்கு இரண்டே கருவிகள். சின்ன உளி, சின்னச் சுத்தி. குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு 'டக், டக்' என்று தட்டுவார். தமிழ் எழுத்தோ வளைந்து வளைந்து போகும். அந்த வளைவைச் சிறு சிறு வெட்டாகவே கொண்டுவர வேண்டும். பாத்திரத்தின் கழுத்திலோ விளிம்பை ஒட்டியோ வெட்டினால், புளி போட்டு எத்தனை ஆண்டு தேய்த்தாலும் எழுத்து நிற்கும்.

எவர்சில்வர் வந்தது. அது கெட்டியான உலோகம். உளியின் இடத்துக்கு மின்சார ஊசி வந்தது. பேனாவைப் போலப் பிடித்துக்கொள்ளலாம். உள்ளே கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் நுனி நொடிக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். 'கிர்ர்ர்' என்ற சத்தம் கேட்கும். ஒரு நிமிடத்தில் பெயர் தயார்!

இதே ஊசி சங்கீதத்துக்கும் உதவுகிறது. மின்சார கிட்டார் வாசிப்பவர்களின் காலடியில் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி இருக்கும். மிதித்தால் ஓசை மாறும். அதைத் தாங்களே வீட்டில் செய்துகொள்பவர்கள் பல நாடுகளில் உண்டு. எந்தத் திருகு எதற்கு, எத்தனை வோல்ட் மின்சாரம் என்று பெட்டியிலேயே எழுத வேண்டும். வெறும் மையில் எழுதினால் செருப்புக் கால் பட்டு அழிந்துவிடும். வோல்ட் தெரியாமல் மின்சாரம் கொடுத்தால் பெட்டி கருகிப் போகும். ஆகவே அவர்களிலும் சிலர் எழுத்தை வெட்டியே விடுகிறார்கள்.

கடல் கடந்த பானை

பாத்திரத்தில் பேர் எழுதுவது நேற்று வந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மதுரைக்கு அருகே கீழடியில் தோண்டியபோது பழைய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் 'ஆதன்' என்ற பெயர் கீறியிருந்தது! எகிப்து நாட்டுச் செங்கடல் துறைமுகமான குசேர் அல்காதிமிலும் தமிழ்ப் பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்துள்ளன. கண்ணன் ஒருவர், சாத்தன் ஒருவர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, கடல் தாண்டிப் போன தமிழர் தம் பானையில் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள்.

யார் பேர்?

சீர்ப் பாத்திரத்தில் யார் பேரை வெட்டுவது? மாப்பிள்ளை பேரையா, பெண்ணின் பேரையா? சிரிப்புக்குரிய கேள்வி அல்ல. குடும்பத்தில் மனத்தாங்கல் வந்து, பெண் தாய் வீடு திரும்பும் நாளில் இந்தக் கேள்வி பெரிதாகிவிடும். பெண்ணுக்குக் கொடுத்த சீர் பெண்ணுக்கே சொந்தம் என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கணவர் வீட்டில் இருந்தாலும் அது அவள் சொத்துத்தான்; கேட்டால் திருப்பித் தர வேண்டும். கல்யாணத்தில் வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது.

பட்டியல் எழுதுகிற வீடுகள் எத்தனை? ஆனால் குடத்தில் பேர் இருக்கிறது. வீடும் நிலமும் ஆண்கள் பேரில் இருக்கும் குடும்பங்களில், பெண்ணின் பேர் ஏறிய முதல் சொத்து அந்தக் குடமாகவே இருக்கும். அதனால் பெண்ணின் பேரையே முழுசாக வெட்டச் சொல்வது நல்லது. வெறும் தலைப்பெழுத்துப் போதாது.

கடையில் பேரை வாயால் சொல்ல வேண்டாம். ஒரு சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். 'செல்வம்' என்ற பேரில் இரண்டு புள்ளிகள். ஒன்று விட்டுப்போனாலும் பேரே மாறிவிடும். ஊசி ஓடுவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். வெட்டிய பிறகு அழிக்க முடியாது!