கீரை வெந்த நீர்

ஒரு நாளைக்கு நீங்கள் உண்ணும் காய்கறியை எப்போதாவது நிறுத்துப் பார்த்ததுண்டா? காய்களும் பழங்களும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் இந்தக் கணக்கில் சேரா. மதிய உணவு டப்பாவின் மூலையில் இருக்கும் பொரியலைத் தராசில் வைத்தால் 50 கிராம் தேறுவதே அரிது. மீதிக்கு என்ன வழி? 'சூப் குடியுங்கள்' என்று பலரும் யோசனை கூறுகிறார்கள். நல்ல யோசனைதான்; ஆனால் எப்படிச் செய்த சூப் என்று நாம் கேட்டாக வேண்டும்.

இயற்பியல் ஆசிரியனுக்குச் சமையலறையில் என்ன வேலை என்று எண்ணாதீர்கள். அடுப்பின் மேலிருக்கும் பானையும் ஓர் ஆய்வுக்கூடமே.

இரண்டு கட்டுத் தண்டுக்கீரையை ஆய்ந்து போட்டால் பானை நிரம்பி வழிகிறது. வெந்த பின் பார்த்தால் ஒரு கைப்பிடிதான்! எங்கே போயிற்று கீரை? இலையிலுள்ள ஒவ்வொரு செல்லும் காற்றடைத்த சைக்கிள் டியூப் போல விறைப்பாக இருக்கிறது. உள்ளிருக்கும் நீர் செல்சுவரை அழுத்துவதே காரணம். இதனை விறைப்பழுத்தம் என்பர். இது வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு இருக்கக்கூடும். செல்களுக்கு இடையே காற்றும் நிறைய உண்டு. வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் செல்லைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு சிதைகிறது. நீர் வெளியேறுகிறது, காற்றும் குமிழியிட்டுப் போய்விடுகிறது, இலை தளர்ந்து படிகிறது. பச்சையாக மென்று தீர்க்க முடியாத அளவு கீரை இப்படித்தான் ஒரு கிண்ணத்துக்குள் அடங்குகிறது.

சவ்வு சிதைவதை நீங்களே பார்க்கலாம். பீட்ரூட் துண்டுகள் இரண்டை, வெட்டுவாயில் வடியும் சாறு போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றைக் கொதிக்கவைத்த நீரிலும் போடுங்கள். குளிர்ந்த நீர் வெகுநேரம் ஏறக்குறைய தெளிவாகவே நிற்கும். சுடுநீரோ சில நிமிடங்களில் சிவந்துவிடும்.

சாயம் வெளியேறும் வழியில் வேறு பொருள்களும் வெளியேறுகின்றன. வைட்டமின் 'சி', ஃபோலிக் அமிலம் முதலான 'பி' வகை வைட்டமின்கள், பொட்டாசியம் ஆகியவை நீரில் கரைபவை. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் பரவுவதை விரவல் என்கிறோம். அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் 1855-இல் இதற்கு விதி வகுத்தார். செறிவு வேறுபாடு கூடினாலும், பரப்பு கூடினாலும் விரவல் விரைவாகும்.

பரப்புக்கு ஒரு சிறு கணக்கு. பக்கம் 4 செ.மீ. உள்ள கனசதுரமாக ஒரு பூசணித்துண்டு. அதன் மேற்பரப்பு 96 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கினால் 64 துண்டுகள். மொத்தப் பரப்பு 384 சதுர செ.மீ. பூசணி அதே பூசணி, வாசல் மட்டும் நான்கு மடங்கு! பானையில் நீரை அதிகம் ஊற்றினால் செறிவு எளிதில் சமனாகாது. ஆகவே வெளியேறும் அளவும் கூடும். கீரையை நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அதன் வைட்டமின் 'சி'யில் பாதியோ அதற்கு மேலுமோ இலையை விட்டுப் போய்விடக்கூடும். அதில் ஒரு பங்கு வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் அழிந்துபோவது. அதை மீட்க இயலாது. மற்றொரு பங்கு வடித்த நீரில் இருக்கிறது. அந்த நீரைச் சாக்கடையில் ஊற்றும் வீடுகள் எத்தனை!

இங்கேதான் தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் வழியாகக் கர்நாடக எல்லை வரையுள்ள சமையலைக் கவனிக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் ராகிக் களி முக்கிய உணவு. களியை மெல்லுவதில்லை, உருட்டி விழுங்குவது வழக்கம். வழுக்கிக்கொண்டு இறங்க ஒரு சாறு இருந்தே தீரவேண்டும். கன்னடம் பேசும் வீடுகளில் 'பஸ்ஸாரு' என்றொரு சாறு வைப்பார்கள். 'பஸி' என்றால் வடி, 'சாரு' என்றால் சாறு. கீரையையும் பயற்றையும் தாராளமான நீரில் வேகவைத்து வடிப்பார்கள். வெந்ததில் ஒரு கைப்பிடி எடுத்து மிளகாய், சீரகம், பூண்டு, தேங்காயுடன் அரைத்து, வடித்த நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டுத் தாளித்தால் சாறு. மிஞ்சிய கீரையும் பயறும் தாளித்த பொரியலாகும். நீரில் போனதும் இலையில் நின்றதும் ஒரே தட்டுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. கொங்கு நாட்டில் கொள்ளு வெந்த நீரை ரசமாக்கி, கொள்ளைக் கடைந்து உண்பதும் இதே உபாயம்தான்.

இலையில் நின்றது என்றேன். கீரை, காரட், பூசணி ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் நீரில் கரையாது, சக்கையிலேயே தங்கிவிடும். அது குடலில் ஏற்கப்படச் சிறிது கொழுப்பும் தேவை. தாளிக்கும் எண்ணெய் அதற்கு உதவும். நார்ச்சத்தும் சக்கையில்தான். ஆகவே வடிகட்டிய தெளிந்த சூப்பைக் குடித்துவிட்டுக் காய்கறி உண்டதாகக் கணக்கு எழுத முடியாது. கெட்டியான சூப்பிலும் ஏமாறக்கூடாது. சோள மாவின் நுண்துகள்கள் சுடுநீரில் உப்பிக் கூழாவதாலும் அந்தக் கெட்டித்தன்மை வரும். போட்ட காய் எத்தனை கிராம், குடித்தவர் எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

நீர் கொதித்த பிறகே காயைப் போட்டு மூடுவது நல்லது. கொதிக்கும் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். வைட்டமின் 'சி' அழிவது ஓரளவு குறையும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். காய் வேகச் சற்றுக் கூடுதல் நேரமாகும்.

உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். 200 மி.லி. சூப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு இருந்தால் 2 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மூன்று கிண்ணம் சூப்பே அதைத் தாண்டிவிடும்!

வடித்த நீரைக் கொட்டவே வேண்டியவர்களும் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்த சிலர் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிவிடுமாறு மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஃபிக்கின் விதி அங்கும் அதேதான்.