கேபிள் போய்விட்டது, ஹேங்கரைப் பாருங்கள்

ரோடு சைக்கிளின் வலது பிரேக் பிடிக்குப் பின்னால் இருக்கும் தகட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால், பின்சக்கரத்துப் பக்கம் 'விர்' என்று ஒரு சிறு மோட்டார் சத்தம் கேட்கிறது. கேட்டு முடிப்பதற்குள் செயின் அடுத்த பல்சக்கரத்துக்குத் தாவிவிடுகிறது. பிடிக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கேபிளும் கிடையாது, வயரும் கிடையாது. கட்டளை ரேடியோ அலையில் போகிறது. செயினை இடம் மாற்றும் 'டெரெய்லர்' அதற்குக் கீழ்ப்படிகிறது. பணம் போட்டு இதை வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'இனி ட்யூனிங் வேலையே இருக்காதுதானே?' என்பது. இருக்கும். முன்பு இருந்த இடத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

மின்சாரத்தில் கியர் மாற்றும் ஆசை பழையது. பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990களிலேயே முயன்று, 1999இல் 'மெக்ட்ரானிக்' என்ற வயர் இல்லாத அமைப்பையும் கொண்டுவந்தது, அது நிலைக்கவில்லை. ஜப்பானின் ஷிமானோ 2009இல் வயர் வைத்த 'டி.ஐ.2' அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் பந்தய வீரர்கள் மின்சார கியரை நம்பத் தொடங்கினார்கள். 2015இல் சிகாகோவின் ஸ்ராம் நிறுவனம் 'இ-டேப்' என்ற பெயரில் வயரை முழுதாக எடுத்துவிட்டது. 2019இல் அதுவே பின்னால் 12 பல்சக்கரங்களோடு 'ஆக்சஸ்' ஆனது. ஷிமானோ 2021இல் பாதி வழி வந்தது. பிடிகள் ரேடியோவில் பேசும்; இரண்டு டெரெய்லர்களும் ஃபிரேமுக்குள் இருக்கும் ஒரே பேட்டரியோடு வயரில் இணைந்திருக்கும். வீட்டிலேயே மாட்டிப் பராமரிக்க எளிதானது ஸ்ராம் முறை என்பதால் இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மாட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். கடையில் பெட்டியைப் பிரித்த பிறகு பார்த்தால் செலவு ஏறும். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்குதான் கேசட். ஆக்சஸ் ரோடு கேசட்டுகளின் சிறிய சக்கரம் பெரும்பாலும் 10 பல் கொண்டது. கேசட் ஏறி உட்காரும் 'ஃப்ரீஹப்', 11 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கான பழைய வகையாக இருந்தால் அது ஏறாது, 'எக்ஸ்.டி.ஆர்.' வகை ஃப்ரீஹப் வேண்டும். அடுத்தது செயின். மேல் விளிம்பு தட்டையாக இருக்கும் 'ஃப்ளாட்டாப்' செயின்தான் இதற்குப் பொருந்தும். கையில் இருக்கிற 12 வேகச் செயினைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது பிரேக். பிடிக்குள்ளேயே கியர் தகடும் ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்திருப்பதால், பிடியை மாற்றினால் பிரேக்கையும் திறந்து திரவம் நிரப்பியாக வேண்டும். ஸ்ராம் ரோடு பிரேக்கில் போவது டாட் 5.1 திரவம், ஷிமானோவில் மினரல் ஆயில். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெடும். பிடித்தால் நிற்காத பிரேக் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

மற்ற வேலைகளைப் பொறுமை உள்ள எவரும் செய்யலாம். ஆனால் டெரெய்லரைக் கையில் எடுப்பதற்கு முன் அது தொங்கும் ஹேங்கரைப் பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமோடு திருகியிருக்கும் சிறு அலுமினியத் துண்டு அது. சைக்கிள் வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும். கேபிள் காலத்தில் சிறு வளைவைக் கேபிளை இழுத்தும் தளர்த்தியும் ஓரளவு மறைக்க முடிந்தது. மோட்டாரிடம் அது நடக்காது. அது ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் ஒரே தூரம் நகரும். ஹேங்கர் வளைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் தவறான இடத்தில் போய் நிற்கும். 'எலக்ட்ரானிக் கியர் வாங்கியும் கடகடவென்று சத்தம் வருகிறது' என்கிற புகாரைக் கேட்டால் எலக்ட்ரானிக்ஸை விட்டுவிட்டு முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் துண்டைத்தான்.

இதைச் சோதிக்க ஒரு கேஜ் இருக்கிறது. டெரெய்லர் திருகும் ஓட்டையிலேயே அதைத் திருகி, அதன் நீண்ட கையைச் சுழற்றி, மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நான்கு இடங்களில் ரிம்முக்கு எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே இடைவெளி இருந்தால் ஹேங்கர் நேராக இருக்கிறது. இல்லையென்றால் அந்தக் கையையே மெல்ல அழுத்தி நிமிர்த்தலாம். அலுமினியம் பலமுறை வளைந்தால் முறியும். ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்திய ஹேங்கர் என்றால் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

டெரெய்லர்களை மாட்டியதும் செயின் நீளம். முன்னால் இரண்டு செயின்ரிங் (முன் பல்சக்கரம்) உள்ள சைக்கிளில், டெரெய்லர் வழியாகக் கொண்டுபோகாமல் முன்னே பெரிய சக்கரம், பின்னே பெரிய சக்கரம் இரண்டிலும் செயினைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்திலிருந்து ஒரு உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி கூட்டி வெட்ட வேண்டும். முனைகளை இணைக்கும் 'பவர்லாக்' கண்ணியை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். செயினைக் கழற்றினால் புதிய பவர்லாக் வாங்க வேண்டும்.

அடுத்தது பாகங்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் வேலை. பேட்டரிகளை 'க்ளிக்' என்று பூட்டிவிட்டு, பின் டெரெய்லரின் பொத்தானை அதன் பச்சை விளக்கு மெதுவாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு வலது பிடி, இடது பிடி, முன் டெரெய்லர் என்று ஒவ்வொன்றின் பொத்தானையும் அதனதன் விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்துங்கள். கடைசியில் பின் டெரெய்லர் பொத்தானை மறுபடி ஒருமுறை தட்டினால் முடிந்தது. தொடக்கமும் முடிவும் பின் டெரெய்லரில் என்பதை நினைவில் வைத்தால் போதும். வலது தகடு தட்டினால் கியர் கனக்கும், இடது தட்டினால் இலகுவாகும், இரண்டையும் சேர்த்துத் தட்டினால் முன்னால் மாறும். புதிதாக ஓட்டுகிறவருக்குக்கூட இரண்டு தெரு தாண்டுவதற்குள் கை பழகிவிடும். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

பிறகுதான் நுணுக்கம். பிடியில் உள்ள பொத்தானை அழுத்தியபடியே தகட்டைத் தட்டினால், கியர் மாறாமல் டெரெய்லர் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மட்டும் நகரும். டெரெய்லரில் செயின் ஓடும் மேல் புல்லியின் நடுவும் பல்சக்கரத்தின் நடுவும் ஒரே கோட்டில் வரும்வரை இப்படி நகர்த்துங்கள். ஓட்டும்போது சத்தம் வந்தாலும் நிறுத்தாமலே இதைச் செய்யலாம். பெரிய பல்சக்கரத்துக்கும் மேல் புல்லிக்கும் இடையிலான இடைவெளியைக் கண்ணால் அளக்காமல், நிறுவனம் தரும் பிளாஸ்டிக் கேஜை வைத்தே அளக்க வேண்டும். இடைவெளி கூடினால் செயின் தாவத் தயங்கும், குறைந்தால் உரசும். லிமிட் ஸ்க்ரூ இரண்டும் இங்கேயும் உண்டு. செயின் ஸ்போக்குக்குள் விழாமல் காப்பது அவைதான். ஃபோனில் உள்ள செயலி எதுவும் அந்த வேலையைச் செய்யாது. முன் டெரெய்லரில் கவனம் வேண்டியது ஒன்றுதான். அதன் மோட்டார் தள்ளும் விசைக்கு ஃபிரேம் நெளியாமலிருக்க, பின்புறம் தாங்கும் சிறு ஆப்பைச் சரியான கனத்தில் பொருத்த வேண்டும்.

பராமரிப்பு என்றால் பெரும்பாலும் பேட்டரிதான். டெரெய்லர் பேட்டரி ஏறக்குறைய 60 மணி நேர ஓட்டத்துக்கு வரும், ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஆகிவிடும். பொத்தானைத் தொட்டதும் பச்சை விளக்கு என்றால் கவலையில்லை. சிவப்பு என்றால் அன்றிரவே சார்ஜ் போடுங்கள். சிவப்பு சிமிட்டினால் உதிரி பேட்டரி இல்லாமல் கிளம்ப வேண்டாம். பிடிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி. இரண்டு ஆண்டுவரை உழைப்பதாலேயே அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தீர்வதற்குக் காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அசைவு தெரிந்தால் டெரெய்லர் விழித்துக்கொள்ளும். அதனால் காரில் ஏற்றிப் போகும்போது வழி நெடுக விழித்தே இருந்து பேட்டரியைத் தின்னும். கழற்றி, தொடுமுனைகளுக்கு மூடி போட்டுக் கொண்டுபோங்கள். விமானத்தில் போனால் கழற்றிய லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.

மழையில் ஓட்டலாம், கழுவலாம். வாட்டர் சர்வீஸ் குழாயின் அழுத்தத்தை மட்டும் நேராகக் காட்டக் கூடாது. கழுவும்போது பேட்டரி இருக்கும் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். கடற்கரையோரம் ஓட்டுகிறவர்கள், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களைப் போல, பேட்டரியைக் கழற்றி உலர்ந்த துணியால் தொடுமுனைகளைத் துடைக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. உப்பும் வியர்வையும் உலோகத்தை விட்டுவைப்பதில்லை. செயினுக்கு எண்ணெயும், தேய்மானம் பார்க்கும் கேஜும் எப்போதும்போல வேண்டும்.

சாஃப்ட்வேர் அப்டேட்டும் இப்போது பராமரிப்பில் சேர்ந்துவிட்டது. 2024இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ வளாகத்தையும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஷிமானோ டி.ஐ.2 அனுப்பும் சிக்னலைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் சுமார் 10 மீட்டர் தூரத்திலிருந்தே அடுத்தவர் சைக்கிளின் கியரை மாற்ற முடியும் என்று செய்து காட்டினார்கள். ஷிமானோ அதற்கான திருத்தத்தை வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்கு இந்த ஆபத்து சொற்பம். ஆனாலும் செயலி அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாமல் வீட்டில், பேட்டரி நிறைந்திருக்கும்போது முடித்துவிடுங்கள்.

நடுவழியில் பின் பேட்டரி தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம். ஸ்ராமில் முன்னும் பின்னும் ஒரே பேட்டரிதான். முன் டெரெய்லரிலிருந்து கழற்றிப் பின்னால் போடுங்கள். முன்னால் எந்தச் செயின்ரிங் வேண்டும் என்று கழற்றுவதற்கு முன்பே முடிவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். வீடு சேரும்வரை அதுதான். வழியில் ஏற்றம் இருந்தால் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.