கைப்பேசியில் வரும் எலும்பு வைத்தியம்: எதை நம்பலாம்?



குமாரபாளையத்தில் தறிப்பட்டறைக்குப் போகிறவர்களின் கைகளிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. யூடியூப் ஷார்ட்ஸ் 2020 செப்டம்பரில் முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. "பிரண்டை இருக்க மாத்திரை எதற்கு?", "ஒரே வாரத்தில் மூட்டு வலி பறந்துவிடும்" என்பது போன்ற சிறு வீடியோக்கள் இப்போது வீடு தேடி வருகின்றன. இவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதை எளிமையாக விளக்க விரும்புகிறோம்.

சொல்வதெல்லாம் பொய்யல்ல. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. ஆகவே கூழும், எள்ளும், கீரையும், பாலும் சாப்பிடச் சொன்னால் தாராளமாகக் கேட்கலாம்.

தவறு எங்கே நேருகிறது? மூட்டு வலியையும் எலும்பு மெலிவையும் ஒன்றாகக் குழப்புவதில்தான். முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருகிறது. எலும்பு மெலிவோ சத்தமில்லாமல் வளரும். கீழே விழுந்து எலும்பு முறியும்வரை பலருக்கு வலியே தெரியாது. இடுப்பருகே எலும்பு முறிந்த பாட்டி மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடலாம். ஒரு வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்துவதன் விலை இதுதான்.

இன்னொன்று, அரை நிமிட வீடியோவுக்குப் பார்ப்பவர் யாரென்று தெரியாது. பகல் முழுவதும் பட்டறைக்குள் தறி ஓட்டும் பெண்ணுக்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறையலாம். ஆனால் அளவு தெரியாமல் வைட்டமின் டி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் சில ஊர்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதை ஆண்டுக்கணக்கில் குடித்தாலும் மூட்டு இறுகி வலிக்கும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரை. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. உடனே வலி போக்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அதுவே நாளடைவில் எலும்பை அரிக்கும்.

ஆகவே எந்த வீடியோவைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேசுபவர் யார், என்ன படித்தவர்? முடிவில் எதையாவது விற்கிறாரா? யாருக்கு இது ஆகாது என்று சொல்கிறாரா? உடல்நலம் பற்றிப் பேசும் மருத்துவர்கள் தங்கள் தகுதியைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைத் தெரிவிக்காதவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வீடியோ பார்த்தவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த வீடியோவையும், சாப்பிடும் மாத்திரை, பொடி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சபையிலுள்ள தாய்மாருக்கும் இதை வாசித்துக் காட்டினால் மகிழ்வோம்.